‘நம் நாடு’ என்றால் எந்த நாடு? – புதிர்ப்போட்டிக்குக் கேள்வி எழுதுவோருக்கு ஓர் உரை
(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கேள்வித்தாள் தயாரிக்க வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்தால் தமிழ்ப்பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் புதிர்ப்போட்டி களைகட்டும். முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ‘மலேசியா எந்த ஆண்டு சுதந்திரம் பெற்றது?’ பிள்ளை 1957 என்கிறது, நாமும் மதிப்பெண் போடுகிறோம். பிழை பிள்ளையிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை பெற்றது 11 மாநிலங்கள் கொண்ட மலாயாக் கூட்டரசு. அந்த மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16-இல்தான். ‘மலாயா எப்போது விடுதலை பெற்றது? மலேசியா எப்போது அமைந்தது?’ என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். சரவாக்கில் வளரும் ஒரு பிள்ளைக்கு 1957 அதன் மாநிலத்தின் ஆண்டே இல்லை. அந்தப் பிள்ளையையும் மனத்தில் வைத்துக் கேள்வி எழுத வேண்டும்.

செப்டம்பர் 16 ஏன் என்று கேட்டால் போட்டி இன்னும் சூடுபிடிக்கும். முதலில் குறித்த நாளும் ஆகஸ்ட் 31-தான். இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் எதிர்த்தன. சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை நேரில் அறிய ஐக்கிய நாட்டுச் சபையின் குழு வந்தது. அதன் முடிவுக்குக் காத்திருந்ததால் நாள் தள்ளிப்போனது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்தது. மலேசிய தினம் நாடு முழுமைக்கும் பொது விடுமுறையானது 2010-இலிருந்துதான். இதைப் பெரியவர்கள் அணியிடம் கேட்டுப் பாருங்கள், திணறுவார்கள்.

கொடியில் வழுக்குபவர்களும் நிறையப் பேர். 1950-இல் மலாயாக் கொடிக்கு 11 கோடு, விண்மீனுக்கு 11 முனை. 1963-இல் இரண்டும் 14 ஆயின. சிங்கப்பூர் போன பிறகும் எண்ணிக்கை மாறவில்லை. இன்று அந்தப் பதினான்கு, 13 மாநிலங்களையும் கூட்டரசையும் குறிக்கிறது. ‘14 கோடு, ஆகவே 14 மாநிலம்’ என்று எழுதும் பிள்ளைக்குக் காரணத்தோடு திருத்திச் சொல்லுங்கள். கொடிக்கு ஜாலுர் கெமிலாங் என்ற பெயர் வந்தது 1997-இல். ‘1957-இல் ஜாலுர் கெமிலாங் ஏறியது’ என்று வினாத்தாளில் அச்சடிக்காதீர்கள்.

இடங்களும் குழம்பும். பிரிட்டிஷ் கொடி இறங்கியது நள்ளிரவில், கோலாலம்பூர் பாடாங்கில், இன்றைய டத்தாரான் மெர்டேக்காவில். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தது மறுநாள் காலை, மெர்டேக்கா அரங்கத்தில். அந்த நாளை அவர் மக்களுக்கு அறிவித்ததோ 1956 பிப்ரவரி 20, மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில். இந்த மூன்றையும் ஒரே கேள்வியின் தேர்வுகளாக வைத்தால், படித்த பிள்ளை யார், குத்துமதிப்பாகச் சொல்லும் பிள்ளை யார் என்று உடனே தெரிந்துவிடும்.

நம் ஊரை விட்டுவிடாதீர்கள். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அது முடிந்தது 1960 ஜூலை 31. அப்படியானால் விடுதலை நாளன்று நாட்டில் அவசரகாலம் இருந்ததா? இருந்தது. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளையே விடையைக் கண்டுபிடிக்கும். இப்படி யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்று, மனப்பாடக் கேள்வி ஐந்துக்குச் சமம். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1919-இல். ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பால்மரம் வெட்டிய தொழிலாளியையே தோட்டத்துக்குப் பங்குதாரராக்குவது அதன் நோக்கம்.

நான் மிக வேண்டிக் கேட்பது குடியுரிமைக் கேள்வியை. ‘விடுதலை நாளன்று இங்கிருந்த எல்லாருமே குடிமக்கள் ஆகிவிட்டார்கள்’ என்று நம் வீடுகளிலேயே சொல்கிறார்கள். அது சரியன்று. விடுதலை நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. அந்த அக்டோபரிலிருந்து, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை பொதுவிதியாயிற்று. விடுதலைக்கு முன்பே இங்கே பிறந்தும் குடியுரிமை பெறாதவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமலே வளர்ந்தவருக்கு இதற்குச் சான்று காட்டுவது எவ்வளவு கடினம்! குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை வரை வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளின் கதை இங்கே தொடங்குகிறது. தேசிய தினப் போட்டியில் இதற்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இடம்?

இனி வேலைக்கு வருவோம். சுற்றுக்கு 20 கேள்வி போதும். தேதி கேட்பவை ஐந்தைத் தாண்ட வேண்டாம். நினைவுக் கேள்விக்கு 15 வினாடி, காரணக் கேள்விக்கு 40 வினாடி கொடுங்கள். மலாய்ப் பெயரைத் தமிழ் வாக்கியத்துக்குள் அப்படியே வையுங்கள். ‘ருக்குன் நெகாரா’வை ‘தேசியக் கோட்பாடு’ என்று மட்டும் எழுதினால் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம். விடைத்தாளில் ஏற்கத்தக்க மாற்று விடைகளையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். மேடையில் தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான். கேள்வி எழுதாத ஒருவர் முழுத்தாளையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

சமநிலை வந்தால் கேட்க ஒன்று தருகிறேன்: ருக்குன் நெகாரா பிரகடனமானது எந்த நாள், ஏன் அந்த ஆண்டு? விடை: 1970 ஆகஸ்ட் 31, 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின். தேதிக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு இரண்டு.