மக்கும் என்றால் எங்கே மக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மொட்டை மாடியில் மூன்று மண்பானை வைத்து வீட்டுக் குப்பையை உரமாக்குகிறேன், பன்னிரண்டு வருடமாக. இன்று பொருள்களின் உறை மேல் அச்சடிக்கும் இரண்டு சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: மக்கும், மறுசுழற்சி.

முதலில் என் பானைக் கதை. போன வருடம் ஒரு கடையில் முறுக்கு வாங்கினேன். மெல்லிய பச்சைப் பை, மேலே இலைப் படம், 'மக்கும்' என்ற எழுத்து. அந்தப் பையை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டிப் பானையில் போட்டேன். வாழைப்பழத் தோல் சில வாரத்தில் கரைந்தது. எலுமிச்சைத் தோல்கூடப் போய்விட்டது. ஏழாம் மாதம் உரத்தைச் சலித்தேன். சல்லடையில் அந்தத் துண்டுகள் அப்படியே நின்றன. ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. இலைப் படத்தின் காம்பு தெளிவாகத் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மக்கும்னு போட்டிருக்கே, பிறகென்ன?" என்றார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். மக்கும் என்றால் எங்கே மக்கும்?

மக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ்ஓ 17088 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. அதற்கான சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில் நடக்கிறது. அந்தச் சூட்டில் 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். என் பானைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். 58 டிகிரியில் கையை வைத்திருக்க முடியாது. ஆகவே அசல் மக்கும் பையே ஆனாலும் அதற்குப் பெரிய உரக்கூடம் வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதி இதைத்தான் சொல்கிறது: தொழில்முறை உரமாக்கலில் மட்டுமே மக்கும் என்று பையிலேயே அச்சிட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். என் பச்சைப் பையில் இரண்டும் இல்லை.

இதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்று உண்டு. சாதாரண பிளாஸ்டிக் பை 120 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். மக்கும் பைக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதனால் 'மக்கும்' என்று எழுதிவிட்டால் மெல்லிய பை தப்பித்துக்கொள்கிறது. நம் தெருவில் ஹசி கச, அதாவது ஈரக் குப்பை எடுக்க வருபவர் அசல் எது, போலி எது என்று கண்ணால் எப்படிப் பிரிப்பார்? ஒண கசத்தில், அதாவது உலர் குப்பையில் போனாலும் மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உருகி அதையும் கெடுக்கும். அந்த ஒரு சொல்லைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் பாடு முழுக்க குப்பை பிரிப்பவர் தலையில்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மறுசுழற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கோண அம்புக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்ட 1988இல் அமெரிக்காவில் வந்தது. மறுசுழற்சி ஆகும் என்ற உறுதிமொழி அது இல்லை. ஆதாரமில்லாத பசுமைப் பேச்சைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. பையைத் திருப்பிச் சான்றிதழ் விவரத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வணக்கம்.