பணக்கார வருத்தம் என்ற பழைய கதை

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் பேசியது.)

தலைவர் அவர்களே, மாதர் சங்கத்து அம்மாமாரே, உள்ளே வராமல் கதவோரம் நிற்கிற ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் டொக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் கனகாலம் நின்று ஓய்வு பெற்றவன். அந்த யன்னல் சின்னது. வருகிறவரின் முகம் சரியாகத் தெரியாது, கிளினிக் கொப்பியை நீட்டுகிற கை மட்டும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சலரோகம் என்கிற நீரிழிவுக்கான குளிசைக்கு நீண்ட கைகளில் மோதிரம் இருந்தது, மணிக்கூடு இருந்தது. ஓய்வு பெறுகிற காலத்தில் நீண்டவை நகத்துக்குள் வயல் சேறு காய்ந்த கைகள். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

சலரோகத்தைப் பணக்கார வருத்தம் என்பார்கள். கதிரையில் இருந்து சாப்பிடுகிறவனுக்கு வருவது, வயலில் குனிந்து நிமிர்கிறவனை அண்டாது என்று ஒரு நம்பிக்கை. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். 2005-06இல் இலங்கையில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. பார்த்தீர்களா, பட்டணத்து வருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் என்பதால் வடக்குக்கும் கிழக்குக்கும் வரவில்லை. நாங்கள் இருக்கிற இந்த வன்னியில் ஒரு விரலில்கூட ஊசி குத்திப் பார்க்கவில்லை. எண்ணாத இடத்தில் நோய் பூச்சியம் என்று எழுதலாமா? எண்ணிய இடத்திலும் ஒரு சங்கதி உண்டு. நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது.

2018-19இல் நாடு முழுவதும் எடுத்த இன்னொரு ஆய்வில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் என்று வந்தது. இரண்டு ஆய்வுகளும் அளந்த முறை வேறு, அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டாம். என்றாலும் நூற்றுக்கு 23 என்றால், இந்த மண்டபத்தில் ஒவ்வொரு வாங்கிலும் ஒருவர்.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? இந்தியாவில் 15 மாநிலங்களில் செய்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. பெரும்பாலான இடங்களில் வசதி உள்ளவர்களுக்கே நீரிழிவு அதிகம். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகார் போன்ற முன்னேறிய இடங்களின் நகரங்களில் கணக்குத் தலைகீழ். சண்டிகார் நகரத்தில் வசதி குறைந்தவர்களில் 26.9 வீதம், வசதி உள்ளவர்களில் 12.9 வீதம். நோய் முதலில் பணக்காரர் வீட்டுக்குப் போகிறது. அவர்கள் பரிசோதித்து, சாப்பாட்டை மாற்றி, காலையில் சப்பாத்துப் போட்டு நடக்கிறார்கள். அது அங்கே தங்காமல் அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் ஒழுங்கைக்கு எப்படி வந்தது? குரக்கன் புட்டும், பயறும், குளத்து மீனும் சாப்பிட்ட சனம் நாங்கள். இடம்பெயர்ந்தபோதும் முகாமிலும் மீள்குடியேறிய பிறகும் நிவாரணமாக வந்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் பட்டினி. ஆனால் வருடக்கணக்காக மாவும் சீனியும் உண்ட வாய் அந்த ருசிக்குப் பழகிவிட்டது. இப்போது குரக்கன் மா கொழும்புப் பெரிய கடைகளில் அழகான பைகளில் தொங்குகிறது, எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும். வேலைக்குப் போகிற இடத்தில் பசியை அடக்க ஆக மலிவான வழி மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. வேலையும் மாறிவிட்டது. வயலில் அருவி வெட்டிய கைகளுக்குப் பதிலாக அறுவடை மெசின் இறங்குகிறது. அது நல்லதுதான், இடுப்பு தப்பியது. ஆனால் உடம்புக்கு இருந்த உழைப்பும் அதோடு போயிற்று, அந்தக் கூலியும் போயிற்று. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 4.1 வீதம். கிளிநொச்சியில் 18.2, மாவட்டங்களிலேயே அதுதான் ஆகக் கூடியது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். 1944-45 குளிர்காலத்தில், யுத்த முற்றுகையால் ஒல்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தார்கள். உடம்பு சீனியைக் கையாளுகிற திறன் அவர்களில் குறைந்திருந்தது. வயிற்றில் பட்டினி கண்ட பிள்ளையின் உடம்பு, வெளியிலும் பஞ்சம்தான் என்று நினைத்துக் கட்டப்படுகிறது என்று ஒரு விளக்கம். வெளியே வந்தால் மாவும் சீனியும். எங்களுக்கு யுத்தகாலப் பொருளாதாரத் தடை தெரியும், யுத்தம் முடிந்த 2009இன் முதல் ஐந்து மாதமும் தெரியும். வன்னிப் பிள்ளைகளுக்கும் அப்படியே வரும் என்று நான் சாத்திரம் சொல்லவில்லை. அந்த வருடங்களில் பிறந்தவர்களை நாற்பது வயது வரும் வரைக்கும் காத்திருந்து பரிசோதிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, நோய் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் மருந்து இலவசம். பெரிய விஷயம், அதை ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் யன்னல் வரைக்கும் வருவது இலவசம் இல்லையே.

ஒரு அம்மாவைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். காட்டோரக் கிராமம். கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும், ஆகவே முதல்நாள் இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் விடியற்காலை பஸ் ஏறுவார். பஸ் பிந்தும். துண்டு எடுக்க ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டொக்டரைப் பார்க்க ஒன்று, கடைசியாக என் யன்னல். அதற்குள் மத்தியானம். பஸ் காசு போக ஒரு நாள் கூலியும் போயிற்று. ஒருமுறை அவருடைய பையில் போன மாதக் குளிசை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் ஏசினேன். "ஏன் அம்மா, நாங்கள் என்ன மிட்டாயா தாறம்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பாட்டுக்குப் பிறகு எண்டுதானே தம்பி பையில எழுதித் தந்தனீங்கள். சாப்பிடேல்லை, அதாலை போடேல்லை" என்றார்.

அந்தப் பையில் எழுதியது நான்தான்.

காலை, மத்தியானம், இரவு என்று மூன்று கோடு போட்டுக் கொடுப்பது எங்கள் பழக்கம். மூன்று வேளை சாப்பாடு இருக்கிற வீட்டுக்கு எழுதிய கோடு அது. சில குளிசைகளைச் சாப்பிடாமல் போட்டால் இரத்தத்தில் சீனி விழுந்து, கை நடுங்கி, வயல் வரம்பிலேயே மயங்கலாம். ஆகவே அந்த அம்மா செய்தது புத்தியான வேலை. அதற்குப் பிறகு "நேற்று எத்தனை தரம் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் குளிசையை எண்ணினேன். குறைவாகச் சாப்பிடுகிறவர்களை டொக்டரிடம் திருப்பி அனுப்பினேன், அவர் மருந்தை மாற்றி எழுதினார். இன்சுலின் போடுகிறவர்களிடம் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லாதவர்களுக்கு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பாத்திரம் ஒன்றை இறக்கி, வெயில் படாத மூலையில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வன்னி வெயிலுக்கு அது காவல்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்வு போகும். முள் குத்தினால் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. வெறுங்காலோடு வரம்பில் நடக்கிறவருக்குப் புண் தெரிய வரும்போது அது மணக்கத் தொடங்கியிருக்கும். ஏற்கெனவே ஒரு காலை யுத்தத்தில் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர்! அப்படி ஒருவரிடம் போய், பொய்க்காலோடு தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடவுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். மிஞ்சியிருக்கிற ஒரு பாதத்தை ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் யாராவது திருப்பிப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளை பார்த்தாலும் போதும்.

சங்கத்திடம் எனக்கு ஒரு கேள்வி. மாதத்தில் ஒரு நாள், இந்த மண்டபத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்ப ஒழுங்கு செய்ய முடியாதா என்று சுகாதாரப் பகுதியிடம் கடிதம் கொடுத்துக் கேட்டீர்களா? எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

இப்போது பின்வாங்கில் தாதி மகள் மெசினோடு இருக்கிறார். ஒரு துளி இரத்தம், ஒரு நிமிடம். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் வரலாம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் ஆண்கள். கதவோரம் நிற்கிறவர்களிடமிருந்து தொடங்குவோம். மாதர் சங்கத்து அம்மாமார் யாராவது அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கோ.