டிலேயைக் கையால வாசிக்கலாம்: ஏபிள்டன் லைவ்ல பெர்ஃபார்மன்ஸ் எஃபெக்ட்ஸ்

வணக்கம் மக்களே. ஸ்க்ரீன்ல ஏபிள்டன் லைவ்ங்கிற மியூசிக் சாஃப்ட்வேர் ஓடுது, பக்கத்துல எட்டு நாப் (திருகு) இருக்கிற சின்ன மிடி கன்ட்ரோலர், அதாவது சாஃப்ட்வேரைக் கையால இயக்குற பெட்டி. இன்னிக்கு எஃபெக்ட்டை மவுஸால வரையப் போறதில்ல, பாட்டு ஓட ஓட கையால வாசிக்கப் போறோம். டிலே (எக்கோ), ஸ்டட்டர் (ஒரு துண்டை வேகமாத் திரும்பத் திரும்ப அடிக்கிறது), ஃபில்டர் (சத்தத்தோட மேல் பகுதியையோ கீழ்ப் பகுதியையோ வெட்டுறது), மூணே மூணு. டிலேக்குத்தான் நேரம் அதிகம் எடுப்பேன், சொதப்பல் அதிகம் நடக்கிற இடம் அதுதான்.

முதல்ல, டிலேயை வோக்கல் ட்ராக்லயே போடாதீங்க. ஒரு சொல்லுக்கு மட்டும் எக்கோ வேணும்னு டிவைஸை ஆன் பண்ணி, சொல் முடிஞ்சதும் ஆஃப் பண்ணினா வாலும், அதாவது சொல்லுக்குப் பின்னாடி தேய்ஞ்சு போற எக்கோவும், சேர்ந்து அறுந்து போயிடும். நமக்கு வேண்டியதே அந்த வால்தானே? அதனால ரிட்டர்ன் ட்ராக், அதாவது மத்த ட்ராக்லேருந்து சென்ட் நாப் வழியா அனுப்புற சத்தத்தை வாங்கிக்கிற தனி ட்ராக். அங்க லைவோட டிலே டிவைஸான எக்கோவைப் போட்டு ட்ரை-வெட்டை (ஒரிஜினலுக்கும் எஃபெக்ட்டுக்கும் உள்ள விகிதம்) 100 சதவீதத்துல வைங்க. குறைச்சா ஒரிஜினல் குரலும் ரிட்டர்ன் வழியா வரும், சென்டை ஏத்தும்போதெல்லாம் வோக்கல் லெவலும் கூடவே ஏறும்.

இப்ப வோக்கல் ட்ராக்கோட சென்ட் நாபைக் கன்ட்ரோலர்ல மேப் பண்ணுங்க (ஒரு நாபோட இணைங்க). வரியோட கடைசிச் சொல் தொடங்கும்போது சென்டை மேல ஏத்துங்க, சொல் முடியும்போது பூஜ்யத்துக்கு இறக்கிடுங்க. உள்ள போன சத்தம் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அடுத்த வரி சுத்தமா வரும். டிலே த்ரோங்கிறது இதைத்தான். 1970கள்ல ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல சவுண்ட் இன்ஜினியர் கிங் டப்பி மிக்சிங் டெஸ்க்கையே வாத்தியமா ஆக்கினது இந்த மாதிரி வேலையாலதான். அவர் டெஸ்க்ல இருந்த ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ்ச் சத்தத்தை வெட்டுறது) நாப் வழுக்கிக்கிட்டுப் போகாது, படிப்படியாத் திரும்பும். அந்தக் கட்டம் கட்டமான ஸ்வீப்பை அவரோட மிக்ஸ்கள்ல தெளிவாக் கேக்கலாம்.

டைமுக்கு வருவோம். 60,000ஐ பிபிஎம்மால (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) வகுத்தா ஒரு பீட் எத்தனை மில்லிசெகண்ட்னு வந்துடும். 128 பிபிஎம்னா 468.75. டாட்டட் 1/8 அதுல முக்கால், சுமார் 351.6. ஹவுஸ், டெக்னோ மாதிரி ஒவ்வொரு பீட்லயும் கிக் (பேஸ் டிரம்) விழுற பாட்டுல 1/4 டிலே, அதாவது ஒரு பீட், வச்சா, பீட்ல தொடங்குற சொல்லோட ரிப்பீட் எல்லாமே கிக் மேலயே விழுந்து அமுங்கிப்போகும். டாட்டட் 1/8ல பெரும்பாலானது இடைவெளில விழும். எக்கோவோட ஃபில்டரை ஆன் பண்ணி 250 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டுங்க. கீழ வெட்டலன்னா பேஸோட மோதும். மேல வெட்டலன்னா ஸ், ச எல்லாம் சீறிக்கிட்டே இருக்கும்.

ஃபீட்பேக், அதாவது எக்கோ திரும்ப உள்ள போற அளவு, சாதாரணமா 45லேருந்து 60 சதவீதம் போதும். எக்கோல அது 100ஐத் தாண்டியும் போகும், அப்ப ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் ஏறிக்கிட்டே வரும். பில்டப்புக்கு அருமையா இருக்கும், ஆனா ஸ்பீக்கர் கிழியுற மாதிரி ஆச்சுன்னா கை உடனே சென்டைத்தான் இறக்கப் பாக்கும். அதுல ஒண்ணும் நடக்காது. சென்டை மூடினாலும் உள்ள சுத்துறது சுத்திக்கிட்டேதான் இருக்கும். இறக்க வேண்டியது ஃபீட்பேக்கை. அதனால எக்கோவை ஒரு ராக்குக்குள்ள (டிவைஸ்களை அடக்குற பெட்டி) போட்டு ஃபீட்பேக்கை மேக்ரோவுக்கு (ராக்கோட சொந்த நாப்) மேப் பண்ணி, குறைஞ்சது 30, அதிகபட்சம் 105னு எல்லை கட்டிடுங்க. அதுக்குப் பின்னாடி சத்தம் எல்லை தாண்டாமத் தடுக்குற ஒரு லிமிட்டர், சீலிங் (அந்த எல்லை) மைனஸ் 6 டெசிபல். மேக்ரோ எல்லையைக் கட்டாம லைவ்ல வாசிக்கிறது வேண்டாத வேலை, நாபை எந்த மூலைக்குத் திருப்பினாலும் கேக்குற மாதிரி இருக்கணும்.

ஒரு சின்ன விளையாட்டு. எக்கோல ரீபிட்ச்சை ஆன் பண்ணி, வால் ஓடும்போது டைமைத் திருப்பிப் பாருங்க, சுருதி மேலயும் கீழயும் வழுக்கும். 1974ல வந்த ரோலண்ட் ஆர்ஈ-201 ஸ்பேஸ் எக்கோல டேப் மோட்டார் வேகம் மாறும்போது நடக்கிறதும் இதேதான். சிங்க்கை (டைமைப் பீட்டோட பூட்டுறது) ஆஃப் பண்ணிட்டுத் திருப்புங்க, இல்லன்னா வழுக்காது, குதிக்கும்.

அடுத்தது ஸ்டட்டர். பீட் ரிப்பீட் டிவைஸ். சான்ஸ் 0, வேரியேஷன் 0, மோட் இன்சர்ட். மிக்ஸ் மோட்ல விட்டா ஒரிஜினலும் ரிப்பீட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கசகசன்னு ஆயிடும். ரிப்பீட் பட்டனை ஒரு மேக்ரோவுக்கும், கிரிட்டை (ரிப்பீட் ஆகுற துண்டோட நீளம்) இன்னொரு மேக்ரோவுக்கும் குடுங்க. கன்ட்ரோலர் பட்டன் மொமன்டரியா இருக்கணும், அதாவது அழுத்தினா 127, விட்டா 0. டாகிள்ல இருந்தா விரலை எடுத்தப்புறமும் ஸ்டட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். கிக்கையும் பேஸையும் இதுக்குள்ள விடாதீங்க, அடித்தளமே காணாமப் போயிடும். மத்ததை ஒரு குரூப்பாக்கி அதுல மட்டும் போடுங்க. 128 பிபிஎம்ல 1/32 கிரிட்னா ஒரு துண்டு சுமார் 58.6 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 17 தடவை. தாளம் போய் ரீங்காரம் ஆகுற எல்லை அது. ஒரு பீட்டுக்கு மேல இழுத்தா எரிச்சல்தான்.

ஃபில்டர் ஸ்வீப்னா வெட்டுற இடமான கட்-ஆஃபை மெல்ல நகத்துறது. ரெசொனன்ஸை (கட்-ஆஃப் பக்கத்துல சத்தத்தைத் தூக்குறது) மட்டும் அடக்கி வைங்க, கட்-ஆஃப் பேஸ் நோட்டைத் தாண்டுற இடத்துல லெவல் எகிறும்.

வாசிக்க ஆரம்பிக்கும் முன்னாடி மாஸ்டர்ல (மொத்த மிக்ஸும் போற ட்ராக்) இருக்கிற லீனியர்-ஃபேஸ் ஈக்யூ, லுக்-அஹெட் லிமிட்டர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. அதெல்லாம் தாமதத்தைச் சேர்க்கும், கை ஒரு இடத்துல, காது ஒரு இடத்துலன்னு ஆயிடும். பஃபரும் (கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வச்சு அனுப்புற அளவு) தாமதம்தான், 48 கிலோஹெர்ட்ஸ்ல 512 சாம்பிள்னா 10.7 மில்லிசெகண்ட், 128னா 2.7. கம்ப்யூட்டர் தாங்கினா 128.

இப்ப ரெக்கார்டிங். புது ஆடியோ ட்ராக், ஆடியோ ஃப்ரம்ல (சத்தம் எங்கேருந்து வரணும்னு சொல்ற இடம்) அந்த ரிட்டர்னைத் தேர்ந்தெடுங்க, மானிட்டர் ஆஃப். ஆஃப் பண்ணலன்னா எக்கோ ரெண்டு வழியா வந்து சத்தம் கூடும். ரீசாம்ப்ளிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது மொத்த மிக்ஸையும் எடுக்கும். ஸ்டட்டருக்கு அந்த குரூப்பையே சோர்ஸா வைங்க. பாட்டு முழுக்க மூணு நாலு டேக் வாசிச்சு, நல்ல துண்டுகளை மட்டும் வெட்டி எடுங்க. ஒட்டினதும் அந்த இடத்துல சென்ட் ஆட்டோமேஷனை (பதிவான நாப் அசைவு) பூஜ்யமாக்கணும், இல்லன்னா பழைய எக்கோவும் சேர்ந்து அடிக்கும்.

கடைசியா, டிராப்புக்கு (பில்டப் முடிஞ்சு கிக் மறுபடி விழுற இடம்) முந்தின பார்ல வால் இருந்தா டிராப்புக்கு 1/16 முன்னாடி அதை வெட்டி, முனைல 5 மில்லிசெகண்ட் ஃபேட் போடுங்க. ஃபேட் இல்லன்னா "டிக்"னு ஒரு சத்தம் வரும். அந்த 1/16 அமைதி இருந்தாத்தான் கிக் விழும்போது நெஞ்சுல விழும்.