முரட்டு வெந்நீர்

வணக்கம் நேயர்களே. யாங்கோனிலிருந்து பேசுகிறேன். ரங்கூன் என்றால்தான் ஊர் விளங்கும் என்பவர்கள் ரங்கூன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காப்பி, டீ, கலை, பொழுதுபோக்கு, இதையெல்லாம் சேர்த்து ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் பேச்சாளன் இல்லை. நாற்பது வருஷமாகக் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன். பர்மிய எழுத்து, தமிழ் எழுத்து, கொஞ்சம் இங்கிலீஷ். கேட்டால் ஓரத்தில் ஒரு மயில் போட்டுக் கொடுப்பேன். எழுதியதில் பாதிக்கு மேல் டீக்கடைப் பலகைகள். அந்த உரிமையில்தான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் டீக்கடையைப் பார்க்காதவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை, அதைவிடக் குள்ளமாக நாலு முக்காலி. மேசை நடுவில் ஒரு பிளாஸ்க். பக்கத்தில் பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள். பிளாஸ்கில் இருப்பது பாலும் சர்க்கரையும் சேராத வெறும் டீ. பர்மியில் அதற்கு 'யே நுவே ஜான்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'முரட்டு வெந்நீர்'. அதற்குக் காசு கிடையாது. தீர்ந்தால் பையன் வந்து நிரப்பி வைத்துவிட்டுப் போவான், முகம் சுளிக்காமல்.

இந்த இலவச டீயை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஒருமுறை மதுரைக்குப் போயிருந்தேன். கண்ணாடி கிளாஸில் டீ, நல்ல டீ, நின்றபடியே நாலு மடக்கு. குடித்து முடித்த கையோடு கிளாஸைக் கேட்டுவிட்டார்கள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இங்கே ஒரு பால் டீ சொல்லிவிட்டு, அது தீர்ந்த பிறகு முரட்டு வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் காசில்லாத கவிஞனுக்கும், வாய்ப்புத் தேடுகிற நடிகனுக்கும், வேலையில்லாத பலகை எழுத்தாளனுக்கும் அதைவிட என்ன வேண்டும்? பர்மாவில் கலையை வளர்த்த புரவலர் யார் என்று என்னைக் கேட்டால் அந்த பிளாஸ்கைத்தான் காட்டுவேன்.

சரி, பால் டீக்கு வருவோம். 'ஒரு டீ' என்று மட்டும் சொன்னால் எங்கள் ஊரில் பையன் நகர மாட்டான். என்ன டீ என்று சொல்ல வேண்டும். 'சோ' என்றால் இனிப்பு. 'செயின்' என்றால் பாலின் கொழுமை. 'ஜா' என்றால் கடுப்பு. 'போ' என்றால் இனிப்பு மட்டு. இவற்றை இரண்டிரண்டாகக் கோத்தால் சோ செயின், போ செயின், ஜா செயின், போ ஜா என்று வரும். எல்லாமே தூக்கலாக வேண்டும், சாயமும் இனிப்பும் முகத்தில் அடிக்க வேண்டும் என்றால் ஓர் ஊர்ப் பெயரையே சொல்வார்கள்: சௌபடவுன். போப்பா மலைக்குப் பக்கத்து ஊர், பனைமரச் சீமை. ஊர்ப் பெயரைச் சொன்னாலே டீ வந்துவிடும்.

பையன் அதை எழுதிக்கொள்வதில்லை. உள்ளே பார்த்து ராகம் இழுத்துக் கூவுவான். அடுப்படியில் நிற்பவர் காதில் வாங்கிக்கொண்டே கலக்குவார். அவருக்கு 'அப்யோ சயா' என்று பேர், கலக்குகிற வாத்தியார். சயா என்கிற அதே சொல்தான் இங்கே எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் டாக்டருக்கும். எனக்கு அதில் எப்போதுமே ஒரு சந்தோஷம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, அனோரத்தா ரோடு காளியம்மன் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு ராவுத்தர் கடை இருந்தது. அந்தக் கோயில் 1871-இல் தமிழர்கள் கட்டியது. சுற்றியிருந்த தெருக்களில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். ராவுத்தர் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பெரிய பாத்திரத்தில் டீத்தூள் மணிக்கணக்காக வெந்து தார் மாதிரி கறுத்திருக்கும். கோப்பையின் அடியில் கெட்டியான இனிப்புப் பால் ஒரு கரண்டி, மேலே இனிப்பில்லாத டின் பால், அதன் மேல் சாயம். கரண்டியை உள்ளே விட்டு ஐந்தாறு அடி. டிங் டிங் என்று தெருமுனை வரை கேட்கும். கோப்பை வழிந்து சாஸரில் கொஞ்சம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கடைக்காரன் கஞ்சன் என்று பேச்சு வரும்.

ஒருநாள் கேட்டேன், "மாமா, பத்து மேசைக்காரங்களும் பத்து விதமா கேக்கறாங்க. எப்படி ஞாபகம் வெச்சுக்கறீங்க?"

"வார்த்தையை எங்கடா ஞாபகம் வெச்சுக்கறேன்? அவன் கூவற ராகத்தைத்தான்."

அலமாரி மேல் அவருடைய ரேடியோ இருக்கும். சாயங்காலம் சிற்றலையில் இலங்கை வானொலி, கரகரப்போடு. தமிழ்ப் பாட்டு வந்தால் அடுத்த மேசை பர்மியர்களும் காலால் தாளம் போடுவார்கள். தட்டில் தோசை வரும். பர்மியர்கள் அதை 'தொஷே' என்று கேட்டு வாங்குவார்கள். நம்முடைய தோசைதான், நாக்கு மட்டும் வேறு.

காலியான பால் டின்னுக்கும் இங்கே மரியாதை உண்டு. நாட்டில் அரிசி அளப்பதே அதில்தான். எட்டு டின் ஒரு ப்யி. மாமாவிடம் ஓட்டை டின்னாகக் கேட்டு வாங்கித்தான் முதன்முதலில் பெயின்ட் கலக்கினேன். எவ்வளவு கழுவினாலும் சிவப்பு பெயின்டில் ஒரு பால் வாடை வரும்.

பெரியவனான பிறகு என் ஜாகை 35, 36-ஆம் தெருப் பக்கம் மாறியது. சினிமா கம்பெனிகள் அங்கேதான். கம்பெனி என்றால் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை. நிஜ ஆபீஸ் கீழே டீக்கடை. காலையில் போனால் லைட் பாய், மேக்கப்காரர், சண்டைக்காரர், அம்மா வேஷம் போடுகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு முக்காலியில் காத்திருப்பார்கள். யாருக்கு எந்தப் படம், எத்தனை நாள் வேலை என்பது அங்கேயே முடிவாகும். கொஞ்சம் நடந்தால் பன்சொடான் தெருவும் 37-ஆம் தெருவும், பழைய புத்தகக் கடைகள்; அங்கே உள்ள டீக்கடைகளில் எழுதுகிறவர்கள் கூட்டம். சினிமாக்காரர்கள் ஜா செயின் குடிப்பார்கள், கவிஞர்கள் கடன் சொல்வார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அங்கேதான் என் முதல் பேனர் வேலை கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் என் நகத்தடியில் இருந்த நீல பெயின்டைப் பார்த்துவிட்டார். "எழுத்து எழுதுவியா?" என்றார். கையில் காகிதம் இல்லை. சாஸரில் வழிந்திருந்த டீயில் விரலைத் தொட்டு மேசை மேல் படத்தின் பெயரை எழுதிக் காட்டினேன். தகரம் போர்த்திய மேசை, டீ பளபளவென்று நின்றது. காய்வதற்குள் சம்பளம் பேசி முடித்தோம்.

பர்மிய எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுக்க வட்டம். 'வலோன்' என்று ஓர் எழுத்து, சுத்தமான வட்டம்; அது கைக்கு வந்தால் பாதி நெடுங்கணக்கு வந்த மாதிரி. பெரிய பலகைக்கு நூலும் ஆணியும் வைத்து வட்டம் போடுவோம். சின்னப் பலகைக்கு நான் டீக்கோப்பையைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலைச் சுற்றிவிடுவேன். டீக்கடை எழுத்துக்கு டீக்கோப்பைதான் அளவு. கூலியும் சில நேரம் அதிலேயே வரும். ஒரு முதலாளி, பெயர் வேண்டாம், பணம் கேட்கப் போனபோதெல்லாம் "உட்காரு, டீ குடி" என்றார். இரண்டு மாதம் குடித்தேன். கணக்குப் பார்த்தால் கூலி தீர்ந்திருந்தது, வயிறுதான் கெட்டது.

டீயைக் குடிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு லப்பெ புரியாது. லப்பெ என்றால் டீ இலை. ஷான் மலையில் நம்சான் பக்கம் பலவுங் மக்கள் கொழுந்தைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, கசக்கி, காற்றுப் புகாமல் பாரம் ஏற்றி மாதக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். பூண்டு வறுவல், வேர்க்கடலை, எள், காய்ந்த கூனி, பொரித்த பருப்பு, இவற்றோடு பிசைந்தால் லப்பெத்தோ. 'தோ' என்றால் பிசைந்தது. சென்னை பர்மா பஜாரில் அத்தோ தின்கிறீர்களே, அதே 'தோ'தான். 'பழத்தில் மாம்பழம், கறியில் பன்றி, இலையில் லப்பெ' என்று இங்கே ஒரு பழமொழி. நடுவில் இருப்பதை எங்கள் ராவுத்தர் மாமா விட்டுவிட்டுச் சொல்வார்.

ராஜா காலத்தில் வழக்கு முடிந்ததும் வாதி பிரதிவாதி இருவரும் லப்பெ தின்ன வேண்டுமாம். தின்றால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிள்ளைகளைத் துறவுக்கு அனுப்பும் விழாவுக்குப் பத்திரிகைக்குப் பதிலாக லப்பெப் பொட்டலம் கொடுத்து அழைத்ததும் உண்டு. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற ஜாட் கூத்துக்குப் போகிறவர்கள் மடியில் லப்பெ கட்டிக்கொண்டு போவார்கள், தூக்கம் வராமல் இருக்க. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அப்படித்தான்.

அதைப் பரிமாறுகிற பெட்டி 'லப்பெ ஓ' இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நான் நிறம் கற்றுக்கொண்டேன். பகான் பக்கத்து வேலை. மூங்கில் பட்டையைச் சுருட்டி உருவம் செய்து, திஸ்ஸி மரத்துக் கறுப்புப் பாலைப் பூசி, நிலவறையில் உலரவைத்து, மறுபடி பூசி, மறுபடி உலரவைப்பார்கள். பிறகு ஓர் ஊசிமுனைக் கருவியால் கைப்போக்கில் கீறுவார்கள். அச்சு கிடையாது, அழிப்பு கிடையாது. ஒரு நிறத்துக்குக் கீறி, நிறம் ஏற்றி, தேய்த்து எடுத்துவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறல். மூடியைத் திறந்தால் உள்ளே அறை அறையாக, ஒன்றில் லப்பெ, ஒன்றில் எள், ஒன்றில் கடலை. தின்கிற அவசரத்தில் மூடியைப் பார்க்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 1988 மார்ச் 12-ஆம் தேதி ராத்திரி, ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கத்து டீக்கடை ஒன்றில் மாணவர்கள் ஒரு கேசட்டைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். ஷான் பாடகர் சாய் டீ சாயின் பாட்டு. கடையில் இருந்த வேறு சிலர் அந்தப் பாட்டு வேண்டாம் என்றார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. அடித்தவன் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை. பிடித்த கையோடு விட்டுவிட்டார்கள். மறுநாள் மாணவர்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. போன் மோ என்ற மாணவர் இறந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 8-இல் நாடு முழுக்க ஜனங்கள் தெருவில் இறங்கிய போராட்டம் வரை அது எப்படி வளர்ந்தது என்பது உலகத்துக்கே தெரியும். என்ன பாட்டுப் போடுவது என்பதில் தொடங்கியது. டீக்கடையில் பாட்டு என்றால் ஏதோ பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் பேசாமல் டீயைக் குடிப்பேன்.

காப்பியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காப்பி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. மேமியோ மலை ஊர்க் காப்பிக் கொட்டை, அம்மாவின் பித்தளை ஃபில்டர். விருந்தாளி வந்தால் காப்பி, வீட்டு ஆள் என்றால் டீ. ஆண்கள் தெருவில் டீ குடித்துக்கொண்டு உலகத்தைப் பேசினார்கள். பெண்கள் அடுக்களையில் காப்பியை வைத்துக்கொண்டு எங்களைப் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எங்களை உட்காரவிட்டதில்லை.

இப்போது பொட்டலக் காப்பிதான் எங்கும். ஏசி போட்ட காப்பிக் கடைகளும் வந்துவிட்டன. சுவரில் ஓவியங்கள் மாட்டுகிறார்கள், இளைஞர்கள் கிதார் வாசிக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் காப்பிக் கடைக்காரர் ஒருவர்கூட இதுவரை பலகை எழுத என்னைக் கூப்பிட்டதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்து. டீக்கடைகளிலும் இப்போது சனி, ஞாயிறு ராத்திரி இங்கிலீஷ் ஃபுட்பால். கோல் விழுந்தால் முக்காலி பறக்கிறது.

போன மாதம் ஒரு பழைய டீக்கடையில் ஏறினேன். என் பலகை இன்னும் தொங்குகிறது. சிவப்பு உதிர்ந்து ரோஸ் ஆகிவிட்டது, மயிலுக்கு வால் இல்லை. ஒரு போ செயின் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், முக்காலி மேல் ஏறி, பலகையின் வலோன் எழுத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. புது முதலாளி, சின்ன வயசுக்காரர், ஓடி வந்தார். "சயா, என்ன தேடறீங்க?" என்றார்.

"கோப்பையை மாத்தலை போலிருக்கே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையனிடம் பிளாஸ்கை நிரப்பச் சொன்னார்.