பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவே

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மனநல மருத்துவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, மாலை நேரத்து வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி அருமையாக விளக்கினார். அவருக்கு என் நன்றி. இத்தனை தலைமையாசிரியர்களை ஓரிடத்தில் காண்பது அரிது. அவர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு, பிறகு வருகிறேன்.

மூன்று செய்திகள். 'எல்லாம், இல்லையேல் ஒன்றுமில்லை' என்ற எண்ணம் நம்மை என்ன செய்கிறது, அதை எப்படித் தளர்த்துவது, வீட்டில் எப்படிப் பேசுவது.

யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். சறுக்கிய யானையை 'இது யானையே இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் 'நான் மக்கு' என்று நம்மை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சிந்தனைப் பிழைகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவரும் அவர் குழுவினரும் தொகுத்த பட்டியலில் 'எல்லாம், இல்லையேல் ஒன்றுமில்லை' என்ற இந்தச் சிந்தனையும் உண்டு.

1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். வந்தவர்கள் மாணவிகள். சிலர் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பவர்கள், சிலர் அப்படியில்லை. ஒரு பகுதியினருக்கு மில்க்‌ஷேக் கிடையாது. ஒரு பகுதியினருக்கு ஒன்று, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு. பிறகு ஒவ்வொருவர் முன்னும் மூன்று வகை ஐஸ்கிரீம். 'சுவைத்து மதிப்பிடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.' ஆய்வாளர்கள் பார்த்ததோ, எவ்வளவு ஐஸ்கிரீம் காலியாகிறது என்பதை! கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்துவிட்டதே, அது இயல்பு. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள்! ஏன்? 'இன்றைய கட்டுப்பாடுதான் போய்விட்டதே, இனி என்ன இருந்தால் என்ன?' புகைப்பழக்கத்தை விட்டவர் ஒரு சிகரெட்டுக்குப் பிறகு பாக்கெட்டையே வாங்குவதும் இதே கணக்குதான். சறுக்கல் சிறியது. 'எல்லாம் போச்சு' என்ற தீர்ப்புதான் பெரிய சேதத்தைச் செய்கிறது.

தளர்த்தும் வழிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். இடது முனை 0, வலது முனை 100. 'நான் மோசமான தாய்' என்பது எண்ணமானால், முதலில் உங்களை அதில் குறிக்காதீர்கள். 0-வில் இருக்கும் தாய் என்னென்ன செய்வாள், 100-ல் இருப்பவள் என்னென்ன செய்வாள் என்று செயல்களாக எழுதுங்கள். அடுத்து, தெரிந்த நான்கைந்து பேரைக் கோட்டில் வையுங்கள். கடைசியில் உங்களை வையுங்கள், இந்த வாரம் செய்தவற்றை ஆதாரமாகக் கொண்டு.

இது பிசகுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முனைகளை எழுதாமல் நேரே 50 என்று போட்டுவிடுவது. அந்த எண்ணுக்குப் பின்னால் எதுவும் இருக்காது. கோபமோ அழுகையோ உச்சத்தில் இருக்கும்போது செய்வது. அது தணிந்த பிறகு உட்காருங்கள். 'நான் மோசம்' என்பதை 'நான் மிகச் சிறந்தவள்' என்று புரட்டிப்போடுவது. அதுவும் ஒரு முனைதான், அடுத்த சறுக்கலில் உடைந்துவிடும். ஒன்று கவனம். அடி, மிரட்டல் போன்றவற்றுக்கு இந்தக் கோடு வேண்டாம். அங்கே நடுப்பகுதி தேடக் கூடாது. பாதுகாப்புத்தான் தேட வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பதைப் பிள்ளைகள் எங்கே மறக்கிறார்கள்? விடைத்தாள் கைக்கு வரும் நிமிடத்தில். 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வம் நிலைத்தது. குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது, பின்தங்கிய மாணவர்களிடம் அந்தப் பயன் தங்கவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை.

வீட்டுப் பேச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியர்களே, வகுப்புத் தேர்வுகளில் ஒன்றிலாவது மதிப்பெண்ணை நிறுத்திவைத்து, எது சரியாக வந்தது, அடுத்து எதைத் திருத்த வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கான கோரிக்கைப் படிவம் வாசலில் இருக்கிறது. பெற்றோர்களும் கையெழுத்திட வேண்டுகிறேன். வணக்கம்.