ஜன்னல் மூலையில் ஒரு கறை: செயற்கை ஸ்டக்கோ சுவரைப் பழுது பார்ப்பது எப்படி?

[காட்சி: அமெரிக்க வீடு ஒன்றின் ஜன்னல். கீழ் மூலையிலிருந்து பழுப்புக் கறை வழிகிறது.]

வணக்கம். இந்தக் கறையைப் பார்த்ததும் நிறைய பேர் பெயின்ட் வாங்கக் கிளம்பிடுவாங்க. தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க. கறை தெரியிறது கீழே. தண்ணி நுழையிறது மேலே, ஜன்னல் சட்டமும் சுவரும் சேர்ற இடுக்குல.

[காட்சி: சுவரின் குறுக்குவெட்டுப் படம்.]

இந்தச் சுவருக்குப் பேரு செயற்கை ஸ்டக்கோ. ஸ்டக்கோன்னா சிமென்ட் பூச்சு. இதுவும் வெளியே பார்க்க அது மாதிரிதான் இருக்கும். ஆனா விரலை மடக்கித் தட்டினா 'டொப்'புன்னு கேட்கும். உள்ளே இருக்கிறது நமக்கு நல்லாப் பழக்கமான தெர்மாகோல். மரச்சட்டத்து மேல பலகை, அதுமேல தெர்மாகோல், அப்புறம் கண்ணாடி இழை வலையைப் புதைச்ச பேஸ் கோட், கடைசியா நிறம் தர்ற அக்ரிலிக் ஃபினிஷ் கோட். அமெரிக்காவுல இந்த வேலை செய்றவங்க இதை 'ஈஃப்ஸ்' (EIFS)னு ஆங்கிலச் சுருக்கத்துல சொல்வாங்க.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஐரோப்பாவுல, முக்கியமா ஜெர்மனியில வளர்ந்த முறை. அங்கே செங்கல், கான்கிரீட் சுவர் மேல ஒட்டினாங்க. 1969-ல அமெரிக்காவுக்கு வந்துச்சு. போகப் போக மரவீடுகள் மேலயும் ஏறிச்சு. முடிச்சு விழுந்தது இங்கேதான். செங்கல் கொஞ்சம் நனைஞ்சாலும் காஞ்சிடும். மரம் ஊறி அழுகிடும். 1990-களின் நடுவுல வட கரோலினாவின் வில்மிங்டன்ல, கட்டிச் சில வருஷமே ஆன வீடுகள்ல பூச்சைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே பலகை மக்கிப் போயிருந்துச்சு. வெளியே சுவர் பளிச்சுன்னு நிக்குது! இடுக்கு வழியா உள்ளே போன தண்ணி வெளியே வர வழியே இல்லை. அதுக்கப்புறம்தான் தெர்மாகோலுக்குப் பின்னாடி தண்ணி வடியிறதுக்கு வழிவிட்டுக் கட்டற முறை பரவுச்சு.

அமெரிக்காவுல 90-கள்ல கட்டின வீட்டை வாங்கப் போற நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான வீட்டு இன்ஸ்பெக்‌ஷன்ல சுவரைத் துளைச்சுப் பார்க்க மாட்டாங்க. ஈரப் பரிசோதனையைத் தனியாக் கேட்டு வாங்குங்க. ஜன்னலோட கீழ் மூலையில ரெண்டு சின்னத் துளை போட்டு, ஊசி மீட்டரைப் பலகை வரைக்கும் செலுத்துவாங்க. மரத்துல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினா கவலைப்படணும்.

[காட்சி: சாய்கூரையின் விளிம்பு சுவரில் முட்டி முடியும் இடம்.]

நான் முதல்ல பார்க்கச் சொல்றது இந்த இடம். கூரைத் தண்ணி சுவரை ஒட்டியே ஓடி வந்து இங்கே முடியுது. அதை வெளிப்பக்கம் திருப்பி மழைநீர்க் காடியில விட ஒரு வளைஞ்ச தகடு வேணும். உள்ளங்கை அளவுத் தகடுதான். அது இல்லாததால சுவரே அழுகின வீடுகள் ஏராளம்.

அடுத்தது சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கிற பசை. வெடிச்சிருந்தா அதுக்கு மேலயே புதுசாப் பிதுக்காதீங்க. பழசை முழுக்கச் சுரண்டி எடுங்க. உள்ளே நுரைக் கயிறு வெச்சு, நல்லா நீளக்கூடிய சிலிகான் போடுங்க. அது பேஸ் கோட்லதான் ஒட்டணும். ஃபினிஷ் கோட் ஈரத்துல இளகும். அதுல ஒட்டின சீலன்ட் அதையும் பிய்ச்சுக்கிட்டு வந்துடும்.

[காட்சி: மரங்கொத்தி போட்ட ஓட்டை. கத்தியால் சதுரமாக வெட்டுகிறார்கள்.]

ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ளே பலகையைத் தொட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா காயட்டும், மக்கியிருந்தா மாத்தணும். ஈரத்தை உள்ளே வெச்சு மூடினா, அழுகலுக்கு நாமே கதவைச் சாத்தினதா ஆகிடும்.

காஞ்சதுக்கு அப்புறம், ஓட்டைக்குச் சரியான அளவுல தெர்மாகோல் துண்டை வெட்டுங்க. பசையைப் பின்பக்கம் மட்டும் தடவுங்க. ஓரத்துல பட்டா பிறகு அங்கேயே விரிசல் விடும். சுத்தி ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஃபினிஷ் கோட்டைத் தேய்ச்சு எடுத்தா, பழைய பேஸ் கோட் தெரியும். புது வலை அதுமேல ஏறிப் படியணும். கரணையால பேஸ் கோட் இழுத்து, வலையோட நிறம் தெரியாத அளவுக்குப் புதைங்க. ஒரு நாள் காயவிட்டு ஃபினிஷ் கோட் பூசுங்க. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இறங்குற நாள்ல இந்த வேலை வேண்டாம்.

புதுத் துண்டு நிறத்துல தனியாத் தெரியும். உறுத்தினா, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் அந்தச் சுவர் முழுக்க அக்ரிலிக் பெயின்ட் அடிங்க. அடர்நிறம் வேண்டாம். வெயில்ல சூடேறி 70 டிகிரி வாக்குல தெர்மாகோல் இளக ஆரம்பிச்சுடும். பார்பிக்யூ அடுப்பையும் அதே காரணத்துக்காகத் தள்ளி வைங்க.

கழுவ சோப்புத் தண்ணி, மெத்துப் பிரஷ், தோட்டத்துக் குழாய் போதும். ஹை பிரஷர் பம்ப் பூச்சையே கிழிச்சிடும். சுவரோட அடி விளிம்பு மண்ணுலேர்ந்து 20 சென்டிமீட்டராவது மேலே இருக்கணும். மண்ணுல புதைஞ்சா கரையான் உள்ளே ஏறினதே தெரியாது.

[காட்சி: மழை. பின்பு மீட்டரின் எண்.]

வேலை முடிஞ்சதும் மீட்டர் துளைகளைச் சீலன்ட் வெச்சு அடைச்சுடுங்க. ரெண்டு மூணு நல்ல மழை பெய்ஞ்சதும் அதே இடத்துல மறுபடி அளங்க. எண் இறங்கலைன்னா தண்ணி இன்னும் வேற இடுக்கு வழியா வருது. திரும்பவும் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தேடுங்க.