கழுத்துக் கட்டிக்கு முதலில் ஊசி

வணக்கம் நேயர்களே. வானொலியைக் கேட்டபடியே ஒரு கையைத் தாடைக்குக் கீழே வைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பலருக்குப் பயறு அளவில் வழுக்கி ஓடும் ஒன்று தட்டுப்படும். பயம் வேண்டாம். எப்போதோ வந்துபோன சொத்தைப் பல்லுக்கோ தொண்டைப் புண்ணுக்கோ கட்டிய நெறி, முழுதாக வற்றாமல் நிற்கிறது.

நான் பேசவந்தது வேறு வகை. பெரியவர்களுக்கு 2 வாரத்துக்கு மேலாகியும் கரையாத கட்டி. அல்லது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டியது, கெட்டியானது, தள்ளினால் நகராதது. காய்ச்சல், சிவப்பு, சூடு எதுவும் இல்லாதபோது இதற்கு ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ், பிறகு இன்னொரு கோர்ஸ் என்று ஓட்டினால் மாதங்கள்தான் ஓடும். வலிக்கவில்லையே என்பதிலும் ஆறுதல் கிடையாது. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

இந்தக் கட்டிக்கு மாத்திரைக்கும் முன்னால், கத்திக்கும் முன்னால் வரவேண்டியது ஊசி. மருந்து ஏற்றும் ஊசி அல்ல; மெல்லிய ஊசியால் கட்டியின் செல்களை எடுத்து நுண்நோக்கியில் பார்ப்பது. எஃப்.என்.ஏ.சி. என்று மருத்துவமனையில் சொல்வார்கள்.

இந்த ஊசிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆப்பிரிக்காவின் தூக்க நோயில் பிடரிப் பக்கம் நெறி கட்டும். 1803-இல் விண்டர்பாட்டம் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். அவருக்கு முன்பே அடிமை வியாபாரிகளுக்கு இது தெரியும். கழுத்தில் வீக்கம் இருந்தால் ஆளை வாங்கமாட்டார்கள். நூறு ஆண்டு கழித்து, 1904-இல், உகாண்டாவில் கிரேக், கிரே என்ற இருவர் அந்த நெறிக்குள்ளேயே ஊசியை விட்டார்கள். வந்த துளி நீரை நுண்நோக்கியில் வைத்தால், நோய்க்கிருமிகள் உயிரோடு நெளிந்தன! ரத்தத்தில் தேடித் தேடியும் சிக்காதது நெறிநீரில் சுலபமாகச் சிக்கியது. 1930-இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் கட்டிகளுக்கு இதே முறையைக் கையாண்டபோது 18 கேஜ் ஊசி, ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன். இன்று 23 அல்லது 25. எண் கூடக் கூட ஊசி மெலியும், குழம்பிவிடாதீர்கள். 25 என்றால் அரை மில்லிமீட்டர்தான்.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடாதா? பலர் கேட்பது இது. இவ்வளவு மெல்லிய ஊசியால் கழுத்தில் அப்படி நடப்பது மிக மிக அரிது. யோசிக்காமல் கட்டியைப் பாதி அறுத்துப் பார்ப்பதுதான் பின்னால் செய்யவேண்டிய அறுவையைச் சிக்கலாக்கும்.

கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, வெளியே எடுக்காமல் சில விநாடி முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அந்த நேரம் எச்சில் விழுங்காதீர்கள், பேசாதீர்கள். தைராய்டு ரத்தம் மிகுந்த இடம். அங்கே சிரிஞ்சால் இழுக்காமல் வெறும் ஊசியால் எடுப்பதும் வழக்கம். இழுத்திருந்தால், வெளியே எடுக்குமுன் அந்த இழுப்பை விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த துளி சிரிஞ்சுக்குள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த சில விநாடிகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. துளியைச் சிரிஞ்சுக் காற்றால் கண்ணாடி ஸ்லைடில் ஊதி, இன்னொரு ஸ்லைடால் மெல்லத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் நெறியின் செல்கள் நசுங்கி நூல்நூலாக இழுபடும். ஒரு ஸ்லைடை உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும்; தாமதித்தால் செல் உப்பி, உட்கரு மங்கிவிடும். இன்னொன்றைக் காற்றில் உலரவிட வேண்டும், அதற்கு வேறு சாயம். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஒரு பகுதி உப்புநீரில் போகவேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க வழியில்லை.

அறிக்கையில் 'போதிய செல்கள் இல்லை' என்றிருந்தால், நோய் இல்லை என்று படிக்காதீர்கள். திரும்பச் சொல்கிறேன்: போதவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. தைராய்டில் குறைந்தது 6 கொத்து, கொத்துக்கு 10 செல்லாவது இருந்தால்தான் பொதுவாகப் போதும் என்பார்கள். இல்லையா, மறுபடி குத்த வேண்டும், அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

ஊசியால் முடியாததும் உண்டு. தைராய்டின் ஃபாலிகுலர் வகைக் கட்டி புற்றா என்று சொல்ல, அதன் செல்கள் கட்டியைச் சுற்றிய உறையைத் துளைத்தனவா என்பதுதான் கேள்வி. தனிச் செல்லைப் பார்த்து அதைச் சொல்ல இயலாது. நெறியிலேயே தோன்றும் புற்றான லிம்போமாவுக்குப் பெரும்பாலும் நெறியை முழுசாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கட்டி சுருங்கும், தடயமும் போய்விடும். நாற்பது தாண்டியவருக்கு நீர்க்கட்டி போலத் தெரிவது, அடிநாக்கிலோ டான்சிலிலோ ஒளிந்த புற்றின் கிளையாகவும் இருக்கலாம். தண்ணீர்தான் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது. ரத்தத்தைப் பற்றி ஒன்று: நெறி பல இடத்தில் கட்டியிருந்தால் ரத்த எண்ணிக்கையோடு, ஸ்லைடில் தடவிய ரத்தப்பூச்சையும் நுண்நோக்கியில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, இயந்திரம் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

காதுக்கு அரை நிமிடம். காது வலிக்கிறது, உள்ளே பார்த்தால் சுத்தம் என்றால் தொண்டையைப் பார்க்க வேண்டும். 9, 10-ஆம் மூளை நரம்புகள் இரண்டுக்கும் பொது. பெரியவர்களுக்கு ஒரே காதில் சவ்வுக்குப் பின்னால் நீர் தேங்கினால் மூக்கின் பின்புறத்தைக் குழாய்க் கருவி விட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக் கட்டியோடு இதுவும் இருந்தால் இரண்டையும் ஒரே மருத்துவரிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.